கிராணியாரின் உயர மருந்து

மூளையைத் தட்டி எழுப்பி ஆளை வளர்க்கும் மருந்து என்று ஒன்றை எங்கள் தோட்டத்துப் பழைய கிராணியார் விற்றுக்கொண்டிருந்தார். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நான் மருந்தியல் படித்துப் பட்டம் வாங்கி, மலேசியாவில் பகாவ் கடைத்தெருவில் சொந்தமாக மருந்துக்கடை போட்டிருந்தேன். என் கடைக்கு வருகிற எங்கள் ஆட்கள் காய்ச்சல் மாத்திரைக்குக்கூட ஆயிரம் கேள்வி கேட்பார்கள். சூடு பண்ணுமா, வயிற்றைப் புண்ணாக்குமா, பாதி போட்டால் போதாதா. அதே ஆட்கள் தெருவைக் கடந்துபோய் அந்த மனிதரின் காரின் பின்பெட்டியிலிருந்து ஒரு கேள்வியும் கேட்காமல் பாட்டில் வாங்கிப் போவார்கள். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்கு மதி எங்கே போயிற்று என்று ஒரு பழமொழி உண்டு. எங்கள் ஆட்களிடம் அதையே கொஞ்சம் ஆங்கிலம் கலந்து சொன்னால் போதும், பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார்கள்.

கிராணியார் தோட்ட ஆபீஸில் ஆள் கணக்கு எழுதியவர். துரைக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்லத் தெரிந்த ஒரே தமிழர் என்பதால் அவர் சொன்னதெல்லாம் லயத்து வரிசை வீடுகளில் சட்டம். ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை. ரப்பர் பால்மரங்களைச் சாய்த்துவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை நட ஆரம்பித்தபோது ஆபீஸில் ஆள் குறைத்தார்கள், அவரும் வீட்டுக்கு வந்தார். வந்தவர் சும்மா இருந்தாரா? கோயில் கமிட்டித் தலைவரானார். கையோடு நேரடி விற்பனை ஏஜெண்டும் ஆனார். ஆள் நல்ல உயரம். அது அவருடைய அப்பா கொடுத்த உயரம். ஆனால் பாட்டிலைக் கையில் பிடித்து நிற்கும்போது, அந்த உயரத்தையும் பாட்டில்தான் கொடுத்தது போல நிமிர்ந்துகொள்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து மண்டபத்தில் அவர் நடத்திய கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். தகரக் கூரை வெக்கையில் டை கட்டியிருந்தார். பக்கத்தில் முக்காலியில் ஒரு பெரிய படம், மனிதத் தலையைப் பாதியாக வெட்டிக் காட்டும் படம். அதில் ஒரு சிவப்புப் புள்ளியை அவர் பிரம்பால் தொட்டார்.

"இதான் பிட்டூட்டரி. வளர்ச்சி ஹார்மோன் இங்கதான் இருக்கு. வெள்ளக்காரன் பிள்ளைக்கு இது முழிச்சிக்கிட்டு இருக்கு. நம்ம பிள்ளைங்களுக்குத் தூங்குது. அதனாலதான் நம்ம பிள்ளைங்க குள்ளமாப் போயி போலீசு, ஆர்மி எல்லாத்துலயும் திருப்பி அனுப்புறான். இந்தக் கேப்சூல் உள்ள போனா நேரா அங்க போயி, டொக் டொக்குன்னு தட்டும். எந்திரி லா, போதும் தூங்குனதுன்னு சொல்லும்."

கூட்டம் சிரித்தது. கைதட்டினார்கள். நான் எழுந்து, இந்தப் பாட்டிலில் என்ன இருக்கிறது, எங்கே சோதித்தார்கள் என்று கேட்டேன். அவர் கோபப்படவே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கும் கொஞ்சம் மரியாதை வந்திருக்கும்.

"நம்ம தோட்டத்துப் பிள்ளதான். பார்மசி வச்சிருக்கு. அதுக்கு யாவாரம் கெட்டுடும்னு பயம். விடுங்க, பாவம்."

மறுபடியும் சிரிப்பு. என் அம்மாவும் அந்தச் சிரிப்பில் கலந்துகொண்டாள்.

எனக்கு எரிச்சலாக இருந்ததற்குக் காரணம், அவர் சொன்னது முழுப் பொய் இல்லை என்பதுதான். முழுப் பொய் என்றால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். பிட்யூட்டரி என்பது மூளைக்கு அடியில் தொங்கும் சின்னச் சுரப்பி, ஒரு கடலை அளவு. வளர்ச்சி ஹார்மோன் அங்கிருந்துதான் வருகிறது. அதுவும் தொடர்ந்து ஒழுகாது, விட்டு விட்டு வரும், பெரும்பாலும் ஆழ்ந்த தூக்கத்தில். ஆக, பிள்ளைகள் தூங்கினால்தான் அது வேலை செய்யும் என்பதே உண்மைக்குக் கிட்டத்தில் இருக்கும். அந்த ஹார்மோன் ஒரு புரதம். அதை விழுங்கினால் வயிற்றுக்கு அதுவும் அவித்த முட்டையும் ஒன்றுதான், செரித்துத் தள்ளிவிடும். அதனால்தான் அதை ஊசியாகப் போடுகிறார்கள்.

ஊசி இல்லாமல், வயிற்றைத் தாண்டி இரத்தத்தில் சேரக்கூடிய ஒரு சிறு பொருளை விழுங்க வைத்து, பிட்யூட்டரி தன் கையிருப்பைத் தானே அவிழ்த்துவிடும்படி செய்ய முடியுமா என்று அந்தக் காலத்தில் வெளிநாட்டு ஆய்வுக்கூடங்களில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். முடியும் என்றுதான் தெரிந்தது. ஆனால் அந்தப் பொருள் போய்த் தட்டுகிற கதவு, பின்னாளில் தெரிந்தபடி, பசி தட்டுகிற கதவு. காலி வயிறு மூளைக்கு அனுப்பும் சேதி ஒன்று உண்டு. அந்தச் சேதியின் வேஷத்தை இது போட்டுக்கொண்டு போகிறது. ஆகவே அகோரப் பசி எடுக்கும், உடம்பில் நீர் கோக்கும், சீனி ஏறும். இதையெல்லாம் பொறுத்துக்கொண்டாலும், எலும்பு நுனியில் வளர்கிற பகுதி மூடிப்போனவனுக்குக் குடம் குடமாக ஹார்மோனை ஊற்றினாலும் உயரம் வராது. கையும் காலும் தாடையும்தான் தடிக்கும்.

அப்படிப்பட்ட பொருள் கிராணியாரின் பாட்டிலுக்குள் எப்படி வரும்? ஒட்டியிருந்த தாளில் ஏதோ அமினோ அமிலத்தின் பெயர் போட்டிருந்தது. அதை இரத்தக் குழாய் வழியாக நிறைய ஏற்றினால் பிட்யூட்டரி கொஞ்சம் அசைந்து கொடுக்கும். ஒரு சிட்டிகையை விழுங்கினால் புரண்டுகூடப் படுக்காது. மாவு விற்கிறார், மூடர்கள் வாங்குகிறார்கள், எப்படியோ போகட்டும் என்று பகாவுக்குத் திரும்பிவிட்டேன்.

என் தம்பிக்கு அப்போது பதினேழு முடிந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் படிவம் முடித்துவிட்டுப் போலீஸ் வேலைக்குச் சிரம்பானுக்குப் போனான். ஓட்டத்தில் முதல் ஆளாக வந்தான். மார்பளவு சரி, கண் சரி. உயரம் பார்க்கும் இடத்தில் மேலிருந்து இறக்கும் கட்டை அவன் தலையைத் தொடாமலே குறித்த இடத்தில் நின்றுவிட்டது. இடைவெளி ஓர் அங்குலம்கூட இல்லை, அதற்கும் கொஞ்சம் குறைவு. அடுத்த ஆள் என்று கூப்பிட்டுவிட்டார்கள்.

அந்த வேலை அவனுக்கு வெறும் காக்கிச் சட்டை ஆசை இல்லை. அப்பா செத்தபின் அம்மா ஒருத்திதான் பால் வெட்டினாள். மரமே போய்விட்டது. செம்பனைக்குக் குத்தகைக்காரன் வெளியாட்களைக் கொண்டுவந்து இறக்கினான். லயத்தைக் காலி செய்யச் சொல்வார்கள் என்று பேச்சு. போலீஸ் வேலை கிடைத்தால் குவார்ட்டர்ஸ் கிடைக்கும், அம்மாவை அங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்ளலாம். என்னோடு வந்து இருக்கச் சொன்னால் அம்மா வரமாட்டாள். மகள் வீட்டுச் சோறு அவளுக்குத் தொண்டையில் இறங்காதாம். இந்த வீம்பையெல்லாம் என் தம்பி தன் தலையில் சுமந்தான், அந்தத் தலையும் ஓர் அங்குலம் குறைவாக இருந்தது.

அடுத்த ஆள் எடுப்பு வரைக்கும் பொறு, உனக்கு இன்னும் வளர்கிற வயசு இருக்கிறது என்று நான் அவனுக்குச் சொன்னேன். பொறு என்பதை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? எனக்குத் தெரியாமல் அம்மா கிராணியாரிடம் பாட்டில் வாங்கினாள்.

தீபாவளிக்கு வீட்டுக்குப் போனபோது தம்பியின் முகம் அப்பம் போல உப்பியிருந்தது. கன்னம் பளபளத்தது. இட்லியை அவன் எண்ணிச் சாப்பிடவில்லை, தட்டைக் காலி செய்து மறுபடியும் நீட்டினான்.

"எதாச்சும் மருந்து சாப்பிடுறியாடா?"

"இல்லக்கா. வீட்டுச் சாப்பாடுதான்."

அம்மாவைக் கேட்டேன். விளக்கைப் பார்த்துக் கையைக் காட்டிச் சத்தியம் பண்ணினாள். "பிள்ள இப்பத்தான் கொஞ்சம் சத வச்சிருக்கான். அதுக்குள்ள உன் கண்ணு பட்டுடுச்சா?" என்றாள். இருவருக்கும் அப்படிச் சொல்லச் சொல்லிக் கொடுத்தது கிராணியார்தான் என்பது பிறகு தெரிந்தது. பசி வந்தால், முகம் நிறைந்தால், ஹார்மோன் இறங்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தமாம். ஆய்வுக்கூடத்தில் கண்ட கெடுதல்களை எங்கேயோ கேள்விப்பட்டு, அவற்றையே நல்ல சகுனமாக மாற்றி விற்றார். அந்தச் சாமர்த்தியத்தில் பாதியைப் படிப்பில் காட்டியிருந்தால் அவர் தோட்ட ஆபீஸிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

சித்திரையில் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தீமிதி. உயரம் கிடைக்க வேண்டும் என்று தம்பி பூக்குழி இறங்க நேர்ந்துகொண்டு காப்புக் கட்டினான். காப்புக் கட்டினால் மச்சம் மாமிசம் கிடையாது, ஒரு வேளைச் சாப்பாடு, தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது. மாத்திரை மட்டும் நடந்துகொண்டிருந்தது. அப்போதுதான் பாட்டிலின் தாள் மாறியது.

தாள் மாறியதற்குக் காரணம் கிராணியாரின் பேராசை. எங்கள் ஆட்களை மொட்டையடித்தது போதாமல், பகாவைச் சுற்றி அரசாங்க நிலத் திட்டத்தில் குடியேறியிருந்த மலாய்க்காரர்களிடமும் அவர் விற்க ஆரம்பித்திருந்தார். அவர்கள் எங்களைப் போல் வாயைப் பிளந்து வாங்குகிறவர்கள் இல்லை. கேப்சூலின் கூடு எதில் செய்தது, பன்றியா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அவருக்குச் சரக்கு அனுப்புகிறவர்கள் உடனே புதுத் தாள் அடித்து ஒட்டினார்கள், 'ஜெலட்டின் லெம்பு, ஹலால்' என்று. லெம்பு என்றால் மாடு என்பது எங்கள் தோட்டத்தில் பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும்.

புதுப் பாட்டிலைத் திறக்கும்போது தம்பி அதைப் படித்துவிட்டான். மாட்டுத் தோலையும் எலும்பையும் காய்ச்சிச் செய்த கூட்டை இத்தனை மாதமாக விழுங்கியிருக்கிறான். அம்மா மாரில் அடித்துக்கொண்டாள். தெரியாமல் தின்றதற்கு அம்மனுக்கு அபராதக் காசு முடிந்து வைத்தாள். ஆனால் தெரிந்தபிறகு, கையில் காப்போடு தின்பதா? கிராணியார் ஓடி வந்தார். கூட்டை உடைத்து எறிந்துவிட்டுப் பொடியை மட்டும் தேனில் குழைத்துக் கொடுக்கலாம் என்று வழி சொன்னார். கோயில் தலைவர் சொல்கிற வழி!

"மாட்டுத் தோலுக்குள்ள கெடந்த பொடி எப்படிங்க சுத்தமாவும்?" என்று அம்மா கேட்டாளாம். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த மனிதரை ஒருத்தி வாயடைக்க வைத்தாள், அதுவும் தவறான காரணத்துக்காக. அன்றோடு மாத்திரை நின்றது. சட்டென்று, முழுதாக.

தீமிதி அன்று மத்தியானம் நான் கடையை அடைத்துவிட்டுப் போனேன். ஆற்றங்கரையில் கரகம் ஜோடித்துக்கொண்டிருந்தார்கள். உறுமி மேளம் காதைக் கிழித்தது. பூக்குழி இறங்குகிறவர்கள் மஞ்சள் வேட்டியோடு நின்றார்கள், அவர்களுக்கு நடுவில் தம்பி. கண் மேலே செருகியிருந்தது. முழங்கால் மடிந்தது, இரண்டு பேர் தாங்கினார்கள். பெண்கள் குலவை இட்டார்கள். யாரோ அவன் வாயில் எலுமிச்சம்பழத்தைத் திணித்தார்கள், குடம் மஞ்சள் தண்ணீரைத் தலையில் கொட்டினார்கள். அம்மா கைகூப்பி அழுதுகொண்டிருந்தாள், சந்தோஷத்தில். காலையிலிருந்து அவன் வாந்தி எடுத்ததும், படுத்த படுக்கையிலிருந்து எழ முடியாமல் கிடந்ததும் அவளுக்கு அம்மன் இறங்குவதற்கு அடையாளமாகப் பட்டிருக்கின்றன.

கிராணியார் கையில் மைக். "ஆத்தா எறங்கிட்டா! பிள்ளைய ஏத்துக்கிட்டா!"

நான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய் அவன் மணிக்கட்டைப் பிடித்தேன். சாமி வந்தவர்களின் உடம்பு எப்படிக் கொதிக்கும் என்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். இவன் உடம்பு சில்லென்று இருந்தது. வேர்வை. நாடி நூலாக ஓடியது. வேட்டி நழுவிய இடுப்பில், வயிற்றுப் பக்கத்தில், ஊதா நிறத்தில் கோடு கோடாகத் தோல் கிழிந்திருந்தது. உப்பிய முகம், குச்சிக் கைகால், ஊதாக் கோடு. பாட்டிலில் இருந்தது மாவு இல்லை என்று அந்த நொடியில் தெரிந்தது. ஸ்டீராய்டு. எந்தப் போலி மருந்துக்காரனும் கலக்கிற சரக்கு. பசி வரும், முகம் நிறையும், வாங்கினவன் பலன் தெரிகிறது என்பான்.

ஸ்டீராய்டு என்பது உடம்பே தினமும் சமைத்துக்கொள்கிற ஒன்று. சிறுநீரகத்தின் தலையில் ஒரு சுரப்பி இருந்துகொண்டு சமைக்கும், சமைக்கச் சொல்லிக் கட்டளை போடுவது அதே பிட்யூட்டரி. வெளியிலிருந்து மாதக்கணக்கில் மூன்று வேளையும் சோறு வந்தால் யார் அடுப்பு மூட்டுவார்கள்? பிட்யூட்டரி வாயை மூடிக்கொள்ளும், கீழே இருக்கும் சுரப்பி சுருங்கிப்போகும். வெளிச்சோறு ஒரே நாளில் நின்றால் உள்ளே அடுப்பும் இல்லை, அரிசியும் இல்லை. இரத்த அழுத்தம் விழும், சீனி விழும், ஆள் போய்விடுவான். பட்டினி விரதம் வேறு. இன்னும் கேளுங்கள், வளர்கிற பிள்ளைக்கு அந்த மருந்து உயரத்தையும் நிறுத்திவிடும். தூங்குகிற பிட்யூட்டரியை எழுப்புகிறேன் என்று வந்த மாத்திரை, முழித்திருந்த பிட்யூட்டரியைத் தூங்க வைத்துவிட்டது.

"என்ன மருந்து சாப்பிட்ட? எப்ப நிறுத்துன? சொல்லுடா!" என்று அவன் காதில் கத்தினேன்.

கிராணியார் மைக்கைக் கீழே வைத்தார். "சாமி வந்த பிள்ள மேல கை வைக்காதம்மா. நீ விரதம் இல்ல. தீட்டு."

"உங்க மூஞ்சிதான்யா தீட்டு. பிள்ள சாகப் போறான். வண்டியில தூக்குங்க."

"காப்பு கட்டுனவன் எல்லையத் தாண்டக்கூடாது. தாண்டுனா தோட்டத்துக்கே ஆகாது." அதை அவர் எனக்குச் சொல்லவில்லை, கூட்டத்துக்குச் சொன்னார். கூட்டம் நகரவில்லை. தம்பியைத் தாங்கிய இருவரும் பிடியை விடவில்லை. எனக்குத் தெரிந்த அத்தனை பேர். நான் ஊசியும் மாத்திரையும் சும்மா கொடுத்தவர்கள் பாதிப் பேர். ஒருவரும் அசையவில்லை. அவர்களைப் போல ஒரு கூட்டத்தில் பிறந்ததற்காக அன்று நான் வெட்கப்பட்டேன்.

அப்போது தம்பி வாயிலிருந்த எலுமிச்சம்பழத்தைத் துப்பினான்.

"கா... சாமி இல்லக்கா. கண்ணு இருட்டுது. புடிச்சுக்க."

மேளக்காரர்களுக்கு அது கேட்கவில்லை, அவர்கள் அடித்துக்கொண்டே இருந்தார்கள். அம்மாவுக்குக் கேட்டது. கூப்பிய கை இறங்கியது. கிராணியாரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு குனிந்து தம்பியின் வலது கையை எடுத்து, மஞ்சள் கட்டிய காப்புக் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தாள். சின்னக் கயிறுதான், ஆனால் மூன்று முறை கடித்தாள். "ஆத்தா என்னியக் கேக்கட்டும். தூக்குங்கடா எம்பிள்ளைய," என்றாள். அம்மாவை நான் பல விஷயங்களில் மதித்ததில்லை. அன்று மதித்தேன்.

மாவட்ட ஆஸ்பத்திரிக்கு அரை மணி நேர ஓட்டம். பின்சீட்டில் அம்மாவின் மடியில் கிடந்த தம்பிக்கு நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. அம்மா அவன் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கன்னத்தைத் தட்டினாள். அவசரப் பிரிவில் இருந்தது ஓர் இளம் மலாய் டாக்டர் பெண். நான் சொன்னதை ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள். உப்பு நீர் ஏற்றினார்கள், சீனி ஏற்றினார்கள், அவன் உடம்புக்கு இல்லாமல் போனதையே ஊசியாகப் போட்டார்கள். பொழுது சாய்வதற்குள் கண்ணைத் திறந்து, பசிக்கிறது என்றான். அம்மா வராந்தாவுக்கு ஓடிப்போய் அழுதாள். நானும்தான் அழுதேன், அதை ஏன் மறைக்க வேண்டும்.

இரத்தப் பரிசோதனை நான் சொன்னதையே சொன்னது. டாக்டர் அவன் கையை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். எலும்பு நுனி இன்னும் மூடவில்லை, இவன் தாமதமாக வளர்கிற பிள்ளை, சும்மா விட்டிருந்தால் தானாக வளர்ந்திருப்பான் என்றாள். எங்கள் அப்பாவும் கல்யாணத்துக்குப் பிறகு கால்சட்டையின் மடிப்பைப் பிரித்து நீட்டிக்கொண்டவர்தான். பொறு என்ற ஒரே ஒரு மருந்து போதுமாக இருந்த பிள்ளைக்கு இத்தனையும்.

கிராணியார் மறுநாள் ஆப்பிள் பையோடு வார்டுக்கு வந்தார். "பழைய லாட் சரக்கு நல்லாத்தான் இருந்துச்சு. இதுல கம்பெனிக்காரன் எதையோ மாத்திட்டான் போல," என்றார். நான் ஆப்பிளைப் பையோடு குப்பைத் தொட்டியில் போட்டேன். புகாரும் கொடுத்தேன். சுகாதாரத் துறை ஆட்கள் வந்து பாட்டில்களை அள்ளிக்கொண்டு போனார்கள். கொஞ்ச நாளில் வேறு பெயரில் வேறு பாட்டில் வந்தது. படமும் பிரம்பும் டையும் அப்படியே இருந்தன.

தம்பிக்கு உள்ளே அடுப்பு மறுபடி பற்றுகிற வரைக்கும் அதே வகை மருந்தை அளந்து கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தார்கள், என் கடையிலிருந்து நானே எண்ணிக் கொடுத்தேன். இதைத்தான் அவர் கலந்தார் என்று அம்மாவுக்கு விளக்கியது விபரீதமாகப் போனது. "அவரு குடுத்தா விஷம், நீ குடுத்தா மருந்தா?" என்றாள். ஆற்றங்கரையில் கயிற்றைக் கடித்து அறுத்த அதே வாய். உயிர் திரும்பியதும் அவளுக்குப் பழைய புத்தியும் திரும்பிவிட்டது.

மாத்திரை முழுதாக நின்றபிறகு அவன் வளர்ந்தான். யாரும் எதுவும் செய்யாமல், சோறு தின்று தூங்கி, அந்த வருடக் கடைசிக்குள் ஓர் அங்குலத்துக்கும் மேலே போனான். அடுத்த ஆள் எடுப்பில் கட்டை அவன் தலையில் இடித்து நின்றது. அவனுக்கு வேலை கிடைத்தது, பிறகு குவார்ட்டர்ஸ் கிடைத்தது, அம்மா லயத்தைக் காலி செய்தாள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தால் காக்கை சும்மா இருக்கும், பாவம். கிராணியார் சும்மா இருப்பாரா?

தம்பி முதல் லீவில் வந்தபோது இருவரும் பகாவில் பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தைக்குப் போனோம். சாயங்காலக் கூட்டம். சாத்தேக் கறி சுடும் புகைக்கும் கேஸ் விளக்குக்கும் நடுவில் கிராணியார் மேசை போட்டிருந்தார். மேசை மேல் கண்ணாடிச் சட்டம் போட்ட படம். காக்கி உடுப்பில் என் தம்பி. அம்மா கொடுத்த படமாம். கையில் பையோடு ஒரு பெண், எங்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரி, பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாங்காதீங்க. இதுல ஸ்டீராய்டு கலக்குறாங்க. இவன் இதைச் சாப்பிட்டுத்தான் சாகக் கெடந்தான்," என்றேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "உங்க தம்பி மட்டும் போலீசு ஆவலாம், எம்மவன் ஆவக்கூடாதா? படிச்சவங்களே இப்படித்தான் லா." பிறகு தம்பியிடம் திரும்பினாள். "தம்பி, படத்துல இருக்கிறது நீங்கதானே? நெசத்தச் சொல்லுங்க. மருந்து கேட்டுச்சா இல்லியா?"

அவன் என்னைப் பார்த்தான். மேசையைச் சுற்றி நின்ற அத்தனை பேரையும் பார்த்தான். அவர்களில் பாதிப் பேர் ஆற்றங்கரையில் நின்றவர்கள். அவன் காது சிவந்தது.

"கேட்டுச்சுக்கா," என்று அவளிடம் சொன்னான். "கொஞ்சம் லேட்டாக் கேட்டுச்சு."

அவனை அங்கேயே அறைந்திருப்பேன். "ஏண்டா?" என்றேன்.

அவன் குரலைத் தாழ்த்தினான். "சும்மாதான் அவ்ளோ கஷ்டப்பட்டேன், ஒண்ணும் செய்யாட்டியும் வளந்திருப்பேன்னு நடுச் சந்தையில எப்படிக்கா சொல்றது? சிரிப்பாங்க."

அவள் பாட்டிலைப் பையில் போட்டுவிட்டாள். மகன் வயது கேட்டேன். பதிமூன்று என்றாள். வாதாட எனக்கு வேறு ஒன்றும் மிச்சமில்லை. அந்தப் பையனின் உயிருக்கு என் கையில் இருந்தது ஒரே ஒரு வார்த்தை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி அதைச் சொன்னேன்.

"வாங்குனா வாங்குங்க. ஆனா ஆரம்பிச்சிட்டா விரதம், திருவிழா எதுக்காவும் சட்டுன்னு நிறுத்திடாதீங்க. நிறுத்துறதுன்னா மொதல்ல என் கடைக்கு அவனக் கூட்டிட்டு வாங்க."

கிராணியார் இரண்டு கையையும் அகல விரித்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"கேட்டீங்களா? பார்மசி அம்மாவே சொல்றாங்க. நடுவுல நிறுத்தாம சாப்பிடணுமாம்."

இன்னும் மூன்று பேர் கையை நீட்டினார்கள்.